கணக்குகளுக்கும் உயிர்வாழ் சான்று கேளுங்கள்

புதுவையின் கல்லூரி ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கு,



சாரத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவையும் அல்ஜீரியாவையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்ற நாளெல்லாம் கைலியும் பனியனுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வருடத்தில் ஒருநாள் மட்டும் விடியற்காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு ரிக்‌ஷா ஏறிக் கடற்கரைப் பக்கம் போவார். பிரெஞ்சுத் தூதரகத்தில் தான் உயிரோடு இருப்பதைக் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டு மதியம் திரும்புவார். அந்தத் தாள் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த வருடமும் பென்ஷன் வரும்.

"நேர்லதான் நிக்கிறீங்களே தாத்தா, அப்புறம் எதுக்குக் காகிதம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் இருக்கேன்னு நான்தான் போய்ச் சொல்லணும் பாப்பா. சொல்லலேன்னா அவன் நிறுத்திடுவான். அதானே நியாயம்?" என்றார்.

புதுவைக்காரர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. சொல்தா வீடுகளில் மட்டுமல்ல, இந்திய அரசின் ஓய்வூதியர்களும் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கிறார்கள். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை வந்தபிறகு கைரேகை வைத்தே கொடுத்துவிடலாம். வங்கிகளும் அப்படித்தான். சேமிப்புக் கணக்கில் இரண்டு ஆண்டுக்குமேல் வாடிக்கையாளர் எந்தப் பரிமாற்றமும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்கு. பத்து ஆண்டு கேட்பாரில்லாமல் கிடந்தால் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் பணம் போய்விடும். உரியவர் பின்னால் வந்து கேட்டால் திரும்பக் கிடைக்கும். பணம் இருக்கும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது: நீ இருக்கிறாயா?

நம் சர்வர்களில் யாரும் அதைக் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் சர்வரில் எத்தனை யூசர் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். அவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்கள் நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால்? மூன்று வருடம் படித்து முடித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட மாணவர்கள், ஒரே ஒரு பருவம் பாடம் நடத்திய கௌரவ விரிவுரையாளர், கணக்கெடுப்புக்காக நாலு மாதம் வந்த டேட்டா என்ட்ரி பெண், டேட்டாபேஸ் நிறுவ வந்து ரூட் அதிகாரத்தோடு ஒரு கணக்கை உருவாக்கிவிட்டுப் போன கம்பெனி இன்ஜினியர். இவர்கள் சேர்ந்த அன்று மேலிருந்து உங்களுக்கு போன் வந்தது, "உடனே ஒரு லாகின் போட்டுக் குடும்மா" என்று. போன அன்று யாரும் கூப்பிடவில்லை. இருபத்தைந்து ஆண்டாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "இன்றோடு இவர் போகிறார், கணக்கை மூடிவிடுங்கள்" என்று தாங்களாகச் சொன்ன மேலாளர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கேட்பாரில்லாத கணக்கால் என்ன கெட்டுப்போகும் என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். வட்டில் இரண்டு எம்பி இடம்தானே என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது 1986இல் கலிஃபோர்னியாவில் நடந்த கதை.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வானியலாளர் இருந்தார். அவருடைய ஆராய்ச்சிக்கான பணம் தீர்ந்துபோனதால் அவரைக் கணினி மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். வந்ததும் முதல் வேலையாக ஒரு சில்லறைக் கணக்கைக் கையில் கொடுத்தார்கள். அந்த யூனிக்ஸ் கணினிகளை யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்று கணக்கிட்டுத் துறைகளுக்குப் பில் போடுவது வழக்கம். மாதக் கடைசியில் 75 சென்ட் உதைத்தது. வேறொருவராக இருந்தால் அதை விட்டிருப்பார். ஸ்டோல் விடவில்லை. யாருக்கும் பில் போகாத ஒரு கணக்கு அந்த 75 சென்டுக்கான நேரத்தைப் பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. அதை அழித்தார். பிறகு கவனித்தால் ஸ்வென்டெக் என்பவரின் கணக்கில் யாரோ உள்ளே வந்து போகிறார்கள். ஸ்வென்டெக் அங்கே பெயர்பெற்ற யூனிக்ஸ் வல்லுநர், ஆனால் அப்போது அவர் இங்கிலாந்தில் இருந்தார். வீட்டுக்காரர் வெளிநாட்டில், வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

ஸ்டோல் அந்த விளக்கை அணைக்கவில்லை. இணைப்புகளில் அச்சுப்பொறிகளை மாட்டி, வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் இறக்கினார். ஆய்வக மூலையில் படுத்து உறங்கி, தொலைபேசி நிறுவனங்களையும் அரசுத் துறைகளையும் விடாமல் நச்சரித்து, மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார். தடம் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. அமெரிக்க ராணுவக் கணினிகளில் கிடைத்ததை அவரும் கூட்டாளிகளும் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தார்கள். 1990இல் தண்டனை கிடைத்தது. ஸ்டோல் 1989இல் எழுதிய 'த குக்கூஸ் எக்' புத்தகத்தை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் படியுங்கள்.

அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது உளவு இல்லை. உரியவர் இல்லாத கணக்குக்குள் வருகிறவன் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. அவனிடம் சாவி இருக்கிறது. பதிவேட்டில் பெயரும் இருக்கிறது. அன்றாடம் அந்தக் கணக்கைப் பயன்படுத்தும் ஆள் இருந்தால், "நான் நேற்று ராத்திரி வரவே இல்லையே" என்று சொல்லிவிடுவார். சொல்ல ஆளில்லாத இடம்தான் திருடனுக்கு வசதி.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2021 மே 7 அன்று அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாயை மூடியது. கிழக்குக் கரை மாநிலங்களின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி போகும் குழாய் அது. கணினிகளுக்குள் புகுந்து கப்பம் கேட்டவர்களுக்கு நுழைய உதவியது பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. கடவுச்சொல் ஏற்கெனவே வெளியே கசிந்த ஒன்று, இரண்டாவது சரிபார்ப்பும் இல்லை. சுமார் 44 லட்சம் டாலர் கப்பம் கட்டினார்கள். 2024இல் வெளியான தகவலின்படி, அமெரிக்க மாநில அரசு அமைப்பு ஒன்றில் நுழைந்தவர்களுக்குக் கிடைத்தது, வேலையை விட்டுப்போன ஊழியர் ஒருவரின் நிர்வாகக் கணக்கு. இவற்றுக்கும் நம் ஆய்வகத்துக்கும் அளவில்தான் வேறுபாடு.

சரி, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை யூனிக்ஸ் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது? இங்கேதான் நான் நீண்ட நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் இது.

லாஸ்ட்லாக் கமாண்டு உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு யூசரும் கடைசியாக எப்போது, எந்த முனையிலிருந்து, எந்த முகவரியிலிருந்து வந்தார் என்று ஒரு வரி காட்டும். மைனஸ் பி போட்டு 90 என்று கொடுத்தால் தொண்ணூறு நாளுக்கு இந்தப் பக்கம் வராதவர்கள் மட்டும் நிற்பார்கள். ஒருமுறைகூட வராதவர்களுக்கு நேரே அதையும் சொல்லும். அந்தப் பட்டியலில் வலைச் சேவைக்கும் டேட்டாபேஸுக்கும் மின்னஞ்சலுக்கும் கணினியே வைத்திருக்கும் பெயர்களும் வரும். அவை லாகின் செய்வதற்காக உண்டானவை இல்லை, அவற்றைத் தொடாதீர்கள்.

லாஸ்ட் என்ற கமாண்டு வேறு. அது டபிள்யூடிஎம்பி என்ற கோப்பைப் படித்து, வந்த நேரம், போன நேரம், எத்தனை நிமிடம் இருந்தார் என்று நாட்குறிப்பாகக் காட்டும். மின்வெட்டில் சர்வர் விழுந்த நாளெல்லாம் கிராஷ் என்று அதில் பதிந்திருக்கும். ஆனால் பல லினக்ஸ் வகைகளில் அந்தக் கோப்பு மாதம் ஒருமுறை சுழற்றப்படுகிறது. பழைய பிரதி ஒன்றுதான் மிஞ்சும். மூன்று மாதம் வராத ஆளை அதில் தேடினால் கிடைக்கமாட்டார். வராததால் இல்லையா, பக்கம் கிழிக்கப்பட்டதால் இல்லையா என்று பிரித்தறிய முடியாது.

இதெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு கல்லூரியில் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். ஒரு கணக்கு, பெயரும் பொதுப்பெயர், கடைசியாக வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால் என்று லாஸ்ட்லாக் சொன்னது. துறையில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அழித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துக் கட்டணப் பிரிவு அம்மா பதறிக்கொண்டு வந்தார்கள். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு அவர்கள் கணினியிலிருந்து கட்டண விவரங்கள் அந்தக் கணக்கு வழியாகத்தான் சர்வருக்குப் பிரதியாகி வந்திருக்கின்றன. மூன்று வருடமாக ஒருநாள் தவறாமல் வேலை செய்த கணக்கைச் செத்துவிட்டது என்று நான் அடக்கம் செய்திருந்தேன்.

ஏன் லாஸ்ட்லாக்கில் தெரியவில்லை? எஸ்எஸ்எச் வழியாக ஒருவர் வந்து முனையம் திறந்து உட்கார்ந்தால்தான் பல அமைப்புகளில் அந்தப் பதிவு விழும். எஸ்எஃப்டிபியில் கோப்பு அனுப்பினாலோ, ஆர்சிங்க் ஓடினாலோ, தொலைவிலிருந்து ஒரே ஒரு கமாண்டு மட்டும் கொடுத்துவிட்டுப் போனாலோ முனையம் திறப்பதில்லை, பதிவும் விழுவதில்லை. கிரான் வேலைகள் வருவதில்லை. மின்னஞ்சல் மட்டும் படிக்கிறவர் வருவதில்லை. சாம்பா வழியாக விண்டோஸ் கணினியிலிருந்து தன் ஃபோல்டரைத் திறக்கும் பேராசிரியர் வருவதில்லை. அவர் வாழ்நாளில் ஒரு முனையத்தைக்கூடத் திறந்திருக்கமாட்டார்.

அன்றிலிருந்து நான் ஒரு சாட்சியை நம்பி எந்தக் கணக்கையும் தொட்டதில்லை. லாஸ்ட்லாக்கில் இல்லை என்றால், அனுமதிப் பதிவுக் கோப்பில் அந்தப் பெயரில் ஏற்கப்பட்ட நுழைவு ஏதாவது உண்டா என்று தேடுவேன். டெபியனில் அது ஆத்.லாக், ரெட்ஹேட் வகையில் செக்யூர். பிறகு அந்தப் பெயரில் கிரான் வேலை உண்டா, இப்போது ஏதாவது நிரல் ஓடுகிறதா, மின்னஞ்சல் சேவையின் பதிவில் வருகிறதா, வீட்டு அடைவில் கடைசியாகக் கோப்பு எப்போது மாறியது என்று பார்ப்பேன். எல்லாச் சாட்சியும் இல்லை என்று சொன்னபிறகுதான் மனிதர்களிடம் போவேன். சொல்தா தாத்தா ஒரு வருடம் தூதரகத்துக்குப் போகவில்லை என்றால் அவர் இறந்துவிட்டார் என்று பொருளில்லை. இடுப்பொடிந்து படுக்கையில் கிடக்கலாம்.

இன்னொரு குழியையும் சொல்லிவிடுகிறேன், இதில் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். ஷேடோ கோப்பில் ஏழாவது புலத்தின் பெயர் இன்ஆக்டிவ். சேஜ் கமாண்டில் அதற்கு 90 என்று கொடுத்துவிட்டு, தொண்ணூறு நாள் வராதவர் தானாகப் பூட்டப்படுவார் என்று நிம்மதியாக இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லினக்ஸில் அதன் பொருள் வேறு. கடவுச்சொல் காலாவதியானபிறகு எத்தனை நாள் விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் அது. உங்கள் சர்வரில் கடவுச்சொல்லின் ஆயுள் வழக்கமான 99999 நாளாக இருந்தால், அதாவது 273 ஆண்டுக்குமேல், அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கவே தொடங்காது. குழப்பம் நம் தப்பு மட்டுமில்லை. சோலாரிஸில் அதே புலம் உண்மையிலேயே லாகின் செய்யாத நாட்களைத்தான் எண்ணியது, லாஸ்ட்லாக் கோப்பைப் பார்த்து. பெயர் அப்படியே லினக்ஸுக்கு வந்தது, பொருள் வரவில்லை. சோலாரிஸில் தொழில் கற்றவர்கள் எழுதி வைத்த பழைய குறிப்புகளை அப்படியே பின்பற்றாதீர்கள்.

பூட்டுவதிலும் ஒரு சிக்கல். யூசர்மாட் கமாண்டால் கணக்கைப் பூட்டினால் ஷேடோவில் கடவுச்சொல்லுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழும். கடவுச்சொல் இனி செல்லாது. ஆனால் அவர் எஸ்எஸ்எச் சாவி வைத்திருந்தால் பல இடங்களில் அந்த வழி திறந்தேதான் இருக்கும். முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவைச் சாத்தாமல் வருகிற கதைதான். கணக்கின் காலாவதி நாளையும் கடந்த காலத்துக்குத் தள்ளுங்கள். அப்போதுதான் கணக்கு முழுவதும் மூடப்படும், கிரான் வேலைகளும் நிற்கும். ஏதாவது நின்றது என்று யாராவது ஓடிவந்தால் ஒரு கமாண்டில் திருப்பித் தரலாம். அழித்ததைத் திருப்பித் தர முடியாது.

அழிப்பதைப் பற்றி மனது கனக்கும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு பேராசிரியர் பணியில் இருக்கும்போதே காலமானார். சில மாதத்தில் அவர் கணக்கை நீக்கினார்கள். வீட்டு அடைவு அப்படியே கிடந்தது. அங்கே யுஐடி எண்களை வரிசையாகத் தாங்களே கொடுப்பது வழக்கம். காலியான எண்ணை ஜூலையில் சேர்ந்த முதலாண்டு மாணவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். யூனிக்ஸுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பேராசிரியரின் இருபது வருடப் பாடக்குறிப்புகள், வினாத்தாள்கள், சொந்தக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அந்தப் பையன் சொந்தக்காரனானான். நல்ல பையன், வந்து சொன்னான். அதே வாரம்தான் அவருடைய மனைவி, "அவர் எழுதினது ஏதாச்சும் கம்ப்யூட்டர்ல இருக்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். இருந்தது. பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தோம். கொடுக்க முடிந்தது அந்தப் பையனால், எங்கள் முறையால் இல்லை.

அதனால் நான் பின்பற்றுவது இது. முதலில் கேட்பது. பிறகு மூடி வைத்து ஒரு கல்வியாண்டு காத்திருப்பது. வீட்டு அடைவைத் தனியாகச் சுருக்கி எடுத்து, யாருடையது, எந்த நாளில் என்று எழுதி வைப்பது. கடைசியில்தான் நீக்குவது. நீக்கியபின் உரிமையாளர் இல்லாத கோப்புகள் எங்காவது சிதறிக் கிடக்கின்றனவா என்று ஃபைண்ட் கமாண்டில் நோயூசர் போட்டுத் தேடுவது. ஒருவருக்குக் கொடுத்த எண்ணை மற்றொருவருக்கு எந்தக் காலத்திலும் கொடுக்காமலிருப்பது.

எத்தனை நாள் வராவிட்டால் கேட்பது? அட்டைப் பணப் பரிமாற்றத்துக்கான பிசிஐ விதிகள் 90 நாள் என்கின்றன. அந்தத் தொழிலுக்கு அது சரி. கல்லூரிக்கு அதை அப்படியே போடாதீர்கள். 2017இலிருந்து மகப்பேறு விடுப்பு 26 வாரம், அதாவது 182 நாள். குழந்தையோடு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் பெண்ணுக்கு முதல்நாளே "உங்கள் கணக்கு நீக்கப்பட்டது" என்று சொல்லும் விதி எனக்குச் சம்மதமில்லை. கல்லூரியில் 200 நாள் வைத்துக்கொள்ளுங்கள். ரூட் அதிகாரம் உள்ளவர்களுக்கும் வெளிக் கம்பெனிக்காரர்களுக்கும் முப்பதே நாள் போதும். அவர்கள் கணக்கு தூங்கினால் நமக்குத் தூக்கம் வரக்கூடாது.

சட்டமும் இதில் இருக்கிறது. சைபர் பாதுகாப்புக்கான மைய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் தங்கள் கணினிகளின் பதிவுகளை 180 நாளுக்கு இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களையும் தேசிய நேர சர்வர்களோடு பொருத்தி வைக்க வேண்டும். இப்போது டபிள்யூடிஎம்பியின் மாதச் சுழற்சியை நினைத்துப் பாருங்கள். வந்தபடியே விட்டிருக்கும் சர்வரில் சட்டம் கேட்கும் பதிவு இருக்காது. லாக்ரொட்டேட் அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை.

டெபியன் 13க்குப் போகப்போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில் பழைய லாஸ்ட், லாஸ்ட்லாக் இரண்டும் நீங்கிவிட்டன. அந்தக் கோப்புகளில் நேரத்துக்கு 32 பிட் இடம்தான் உண்டு. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடத்தோடு அது நிரம்பிவிடும். பதிலாக டபிள்யூடிஎம்பிடிபி, லாஸ்ட்லாக்2 என்று புதியவை எஸ்கியூலைட் டேட்டாபேஸில் எழுதுகின்றன. அவற்றையும் அவற்றுக்கான பாம் தொகுப்புகளையும் கேட்டு நிறுவ வேண்டும். நிறுவாமல் மேம்படுத்திவிட்டால், யார் வந்தார் என்ற பதிவு முழுமையாகக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பழைய லாஸ்ட்லாக் கோப்பைப் பத்திரப்படுத்தி, லாஸ்ட்லாக்2வில் இறக்குமதி செய்துவிடுங்கள். பத்து வருட நினைவை ஒரு மேம்படுத்தலில் இழக்க வேண்டாம்.

கூச்சமில்லாமல் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் இந்தப் பட்டியலை எடுக்கத் தொடங்கியதும் யாராவது ஒரு மேலதிகாரி கேட்பார்: "யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்னு இதுல தெரியுமா? லேட்டா வர்றவங்களைப் பிடிக்கலாமே?" என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. இது வருகைப் பதிவேடு இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்த பேராசிரியை, மின்வெட்டால் காலையில் நுழைய முடியாமல் போன எழுத்தர், முனையமே திறக்காமல் நாள் முழுவதும் உழைத்தவர் எல்லோரும் இதில் தப்பாகத் தெரிவார்கள். கணக்கைக் காக்க எடுத்த பதிவை ஆளைத் தண்டிக்கக் கொடுத்தால், அடுத்த நாளிலிருந்து உங்களிடம் யாரும் உண்மை பேசமாட்டார்கள். "நான் இன்னும் இருக்கிறேன்" என்று சொல்ல வருகிறவர்கூட வரமாட்டார். கேட்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள். கல்லூரியை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் நோ டியூஸ் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். நூலகர் கையெழுத்து, விடுதிக் காப்பாளர் கையெழுத்து, விளையாட்டுத் துறை, ஆய்வகம், கட்டணப் பிரிவு. திருப்பித் தராத ஒரு புத்தகத்துக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கிறோம். உடைந்த பீக்கருக்குக் காசு கேட்கிறோம். கல்லூரியின் மொத்த மதிப்பெண்ணும் கட்டணமும் இருக்கும் சர்வரின் சாவியைத் திருப்பித் தந்தாரா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு வரி இல்லை. அலுவலகங்களில் பணிவிடுவிப்பு ஆணையிலும் இல்லை.

அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் முதல்வரிடமும் பதிவாளரிடமும் துறைத் தலைவரிடமும் போய் நில்லுங்கள். "கணினிக் கணக்கு மூடப்பட்டது, நாள், கையெழுத்து." இவ்வளவுதான். மென்பொருள் வாங்க வேண்டாம், பட்ஜெட் வேண்டாம், டெண்டர் வேண்டாம். இருக்கிறவர்களுக்கு வருடத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். தேர்வு முடிவு வந்தபின் ஜூலையில் வசதிப்படும். அன்று பட்டியலை எடுத்து, சாட்சிகளைச் சரிபார்த்து, பெயர் பெயராகப் போன் போட்டுக் கேளுங்கள். முதல் வருடம் கஷ்டமாக இருக்கும், பட்டியல் நீளமாக வரும். இரண்டாம் வருடம் பாதிநாளில் முடிந்துவிடும்.

லாஸ்ட்லாக்கை முதல்முறையாக ஓட்டிப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று புரியாமல் நிற்கிறவர்கள் எனக்கு எழுதுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் சாரத்தில் வீட்டில்தான் இருப்பேன், மடிக்கணினியோடு வந்தால் உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம். நோ டியூஸ் படிவத்தில் அந்த வரியை முதலில் சேர்க்கும் கல்லூரி எதுவானாலும் ஒரு பிரதியைக் கொடுங்கள். மற்றக் கல்லூரிகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா
சாரம், புதுச்சேரி